தினேஷ் மாமாவின் நிறம்

"புருஷன் அங்க பொணமா படுத்துனு கீறான், உங்க அக்கா கடையைத் தொறந்து மிஷின் பக்கத்துல குந்தினு கீறா. இன்னா மனசுடி அவளுக்கு?"

தினேஷ் மாமாவை எடுக்கப்போகிற அன்று மதியம், ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருமுனையில் நிறுத்தி யசோதா ஆன்ட்டி என்னைக் கேட்ட கேள்வி இது. அவர் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் நின்று விளக்க எனக்கு நேரமில்லை. கடைக்கும் வீட்டுக்கும் ஓடி ஓடி மூச்சு வாங்கியது. "தெரியல ஆன்ட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி ஓடினேன்.

என் பெயர் வீணா. பி.யூ.சி. முடித்துவிட்டு டேலி கணக்கு வகுப்பில் சேர்ந்தேன், விட்டேன். அழகு நிலையத்தில் சேர்ந்தேன், அதையும் விட்டேன். ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்று வீட்டில் திட்டுவார்கள். என் அக்கா சங்கமித்ரா எனக்கு நேர் எதிர். ஒன்றைப் பிடித்தால் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள்.

லிங்கராஜபுரத்தில் ஒரு பேனர் கடையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலைக்குப் போனபோதுதான் அவளுக்குத் தினேஷ் மாமா பழக்கமானார். அச்சான பேனர்களை ஏணி போட்டுக் கட்டுவது அவர் வேலை. கல்யாணம் ஆனதும் இருவருமாக, மூடப்போகிற ஒரு கடையிலிருந்து பழைய பெரிய பிரிண்டர் ஒன்றை வாங்கி டெம்போவில் ஏற்றி வந்து எங்கள் தெருமுனைக்குப் பக்கத்தில் கடை போட்டார்கள். கட்டிலைவிட நீளமான மிஷின். ரிப்பேர் என்றால் அத்திபெலேயிலிருந்து மெக்கானிக் வரவேண்டும். அவர் வருவதற்குள் ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடும். அதனால் அக்கா தானே கற்றுக்கொண்டாள். வீடியோ பார்த்தாள், பிரித்தாள், கெடுத்தாள், மறுபடி சேர்த்தாள்.

அந்த மிஷினின் உயிர் அதன் ஹெட். இங்க் வெளியே வரும் பகுதி அது. அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வரிசையாக இருக்கும். அந்த இங்க் நகப்பூச்சு மாதிரி காற்றுப் பட்டால் காய்ந்துவிடும், துளை அடைத்துக்கொள்ளும். அதனால் வேலை முடிந்ததும் ஹெட்டை ஓரத்துக்குக் கொண்டுபோய் ஈர ஸ்பாஞ்சின் மேல் உட்காரவைக்க வேண்டும். காலையில் எல்லா நிறமும் வருகிறதா என்று கோடு கோடாக அடித்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஞாயிறும் கிடையாது, பொங்கலும் கிடையாது. மகள் அனன்யா பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அக்கா கண் விழித்ததும் மாமாவிடம் கேட்ட முதல் கேள்வி, "ஹெட்டை ஈரத்துல வெச்சியா?" மாமா இதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "எனக்குப் பொறந்தது ரெண்டாவது கொழந்தபா. மொத கொழந்த கடையில கீது."

எங்கள் பக்கத்தில் யாராவது இறந்தால், எடுப்பதற்கு முன்பே தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட வேண்டும். வண்டி அதைத் தாண்டித்தான் போகும். பேனர் சொல்ல வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், "மூஞ்சிய கொஞ்சம் கலரா பண்ணுமா" என்பார்கள். வெள்ளையாக்கு என்று அர்த்தம். அக்காவுக்கு அது பிடிக்காது. "பெத்த புள்ளைங்களுக்கு அடையாளம் தெரிய வேணாமா?" என்பாள். மாமா நல்ல கருப்பு. மிஷினில் நிறம் சரி பார்க்கத் தன் போட்டோவைத்தான் கொடுப்பார்.

"கருப்பு இங்க் ஒண்ணு போதுமே எனக்கு."

"வெறும் கருப்பு போட்டா கரி மாதிரி வருவ. மஞ்ச வேணும், மெஜந்தா வேணும். உன் கலரு ஒண்ணும் சீப்பு கிடையாது."

"அப்ப நான் செத்தா என்னை வெள்ளை அடிச்சிடாத மித்ரா. மேல போனா எங்கப்பாவே உள்ள உடமாட்டாரு."

அக்கா கையிலிருந்த துணியை அவர் மேல் எறிந்தாள். அது சென்ற வருடம்.

இந்த வருடம் ஒரு கல்யாண பேனர் கட்டும்போது மாமா ஏணியிலிருந்து விழுந்தார். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் இருந்த நாள்களிலும் அக்கா காலையில் கடைக்கு வந்து, மிஷினை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆர்டர் இருந்தால் அடித்துக் கொடுத்துவிட்டு ஓடுவாள். ஒருநாள் சாயங்காலமும் அப்படி வந்து ஒரு பேனர் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. போட்டது போட்டபடி போனாள். அதற்குள் மாமா போய்விட்டார்.

மாமாவின் நண்பர் முகேஷ் கடைக்கு ஓடினார். துக்க வீட்டின் கடை திறந்திருக்கக் கூடாது, மிஷின் சத்தம் கேட்கக் கூடாது என்று மெயினை அணைத்து ஷட்டரை இறக்கினார். மரியாதைக்காகச் செய்ததுதான். ஆனால் ஹெட் ஈரத்துக்குப் போகாமல் நடுவழியில் காற்றில் நின்றுவிட்டது. இரவெல்லாம் அப்படியே நின்றது.

மறுநாள் காலை உடல் வீட்டுக்கு வந்தது. அக்கா அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நண்பர்கள் வேறு கடையில் அவசரமாக அடித்த பேனரைத் தெருமுனையில் கட்டினார்கள். அனன்யாவுக்கு நான்கு வயது. அழுகைச் சத்தத்துக்குப் பயந்தாள் என்று அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே போனேன். பேனரில் ரோஜா நிறத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு சித்தி?"

"உங்கப்பாதான்."

"இல்ல. இது எங்கப்பா இல்ல."

வீட்டுக்கு வந்ததும் அவள் அதையே அக்காவிடம் சொன்னாள். "அம்மா, அங்க யாரோ அங்கிள் போட்டோ மாட்டிக்கீறாங்க." அக்கா குழந்தையையே பார்த்தாள். பிறகு மாமாவின் கையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தாள். வெள்ளைப் புடவையோடு, செருப்பில்லாமல்.

கடையில் முதலில் அடித்த மாமா முகம் பச்சையாக வந்தது. சிவப்பு தருகிற மெஜந்தா இங்கின் துளைகள் முழுக்க அடைத்திருந்தன. அக்கா காய்ந்த இங்கைக் கரைக்கும் மருந்தில் நனைத்த துணியை ஹெட்டுக்கு அடியில் வைத்தாள். ஊசியில்லாத சிரிஞ்சில் குழாய் மாட்டி, மேலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். முகேஷ் வாசலில் நின்று அழுதார்.

"நான்தான் ஆஃப் பண்ணேன் மித்ரா. தெரியாம பண்ட்டேன். வேகமா அழுத்தேன், வந்துரும்."

"அழுத்துனா ஹெட்டு ஒடஞ்சிரும். ஊறட்டும்."

ஊற வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். அதனால்தான் அவள் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அதைத்தான் தெருவில் போனவர்கள் பார்த்தார்கள்.

வீட்டில் வெங்கடசாமி பெரியப்பா அவசரப்படுத்தினார். "மயானத்துல டைம் குடுத்துக்கீறாங்க. நாம லேட் பண்ணா அடுத்த பாடி உள்ள போயிரும். போய்க் கூட்டினு வா அவள." நான் ஓடினேன். இரண்டாவது முகத்தில் கோடு கோடாக இருந்தது. அக்கா மறுபடி துணியை நனைத்தாள்.

"நாளைக்கு மாட்டிக்கலாமேக்கா. வா."

"இன்னிக்குத்தான்டி அந்த வழியில போவாரு. யாரோ ஒருத்தன் மூஞ்சிய பாத்துனா போவாரு?" அவள் துணியை ஹெட்டுக்கு அடியில் வைத்தாள். "எடுக்கச் சொல்லு வீணா. நான் இங்க முடிச்சிர்றேன். அவர் தாண்டறதுக்குள்ள முடிச்சிர்றேன்."

நான் திரும்பியபோது வீட்டில் பௌத்த முறைப்படி பஞ்சசீலம் சொல்லி முடித்திருந்தார்கள். மனைவி இல்லாமல் தூக்குவதா என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. தூக்கினார்கள். பறை அடிக்க ஆரம்பித்ததும் மறுபடி கடைக்கு ஓடினேன்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை நிறம் சரியாக இருந்தது. தலைமுடி வந்தது. நெற்றி வந்தது, மாமாவின் நெற்றி. புருவத்துக்கு மேல் இருந்த பழைய தழும்புகூடத் தெரிந்தது. அக்கா துடைக்கும் துணியோடு மிஷினை ஒட்டி நின்றாள். துளை மறுபடி அடைத்தால் உடனே நிறுத்த வேண்டும், நகர முடியாது. ஹெட் இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலம்தான்.

பறைச் சத்தம் நெருங்கியது. வண்டி கடையைத் தாண்டும்போது மாமாவின் முகம் கண் வரைக்கும்தான் வந்திருந்தது. அக்கா ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வண்டியின் பின்பக்கமும் தொங்கிய சாமந்தி மாலையும்தான் தெரிந்தன. அவள் மறுபடி மிஷின் பக்கம் திரும்பினாள். மூக்கு வந்தது. வாய் வந்தது. அப்போதுதான் அவள் அழுதாள். மிஷின் சத்தத்தில் அது வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

மயானத்துக்குப் போய்வந்த பிறகு முகேஷ் அந்த ரோஜா நிறப் பேனரை அவிழ்த்துவிட்டு இதைக் கட்டினார். அனன்யாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "அப்பா" என்றாள். அப்புறம், "கீழ எறங்கச் சொல்லு சித்தி" என்றாள்.

சில நாளில் அந்தப் பேனரையும் அவிழ்த்தாகிவிட்டது. அக்கா கடையைத் தனியாக நடத்துகிறாள். பேனர் கட்டும் வேலையை முகேஷ் செய்கிறார், நான் கூடப் போய் ஏணியைப் பிடிக்கிறேன். அதை மட்டும் நான் விடவில்லை. காலையில் நிறம் சரி பார்க்க அக்கா இன்னும் மாமாவின் போட்டோவிலிருந்து உள்ளங்கை அளவு கன்னத்தை அடித்துப் பார்க்கிறாள். சரியாக வந்தால் தலையசைத்துவிட்டு, கிழித்து, அன்றைய வேலையை ஆரம்பிக்கிறாள். கிழித்ததை என்ன செய்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

ஆனால் கடை வாசலில் இன்னும் அந்தப் பேச்சு கேட்கிறது. "புருஷனைத் தூக்கறப்பகூட மிஷினை உட்டு வராதவ" என்று. அனன்யா பள்ளிக்கூடம் போகிறாள், அவள் காதிலும் விழும். நான் ஒருத்தி எத்தனை பேரிடம் போய்ச் சொல்வேன்? இதைப் படித்தவர்கள் எங்கள் பக்கத்தில் தெரிந்த யாருக்காவது இதைச் சொல்லுங்கள், போனில் அனுப்புங்கள். யசோதா ஆன்ட்டி வரைக்கும் போய்ச் சேரட்டும். அன்று என்னால் சொல்ல முடியாத பதில் இதுதான்.