என் வயிறும் இரண்டு பூப்பொட்டலமும்

புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது நான் அழவில்லை. "ரெண்டு வழி இருக்கு, யோசிச்சுச் சொல்லுங்க" என்றபோதுதான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மீன் வாங்கப் போனால்கூட, "இத எடுங்க அக்கா" என்று கடைக்காரர் ஒன்றைத் தூக்கிக் காட்டுவார். என் இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுக்கப் போகிறவர் என்னிடமே யோசனை கேட்கிறார்.

இரண்டு வழியிலும் வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள்தான். லேப்ராஸ்கோபி என்றால் டாக்டர் பக்கத்தில் நின்று நீளமான கருவிகளைத் தன் கையாலேயே பிடித்து வெட்டுவார். ரோபோ என்றால் அதே டாக்டர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி இயந்திரக் கைகளை இயக்குவார். இடுக்குகளில் அந்தக் கை நன்றாக வளையும், ஆனால் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். என் விஷயத்தில் பலன் ஏறக்குறைய ஒன்றுதானாம். அப்புறம் எதற்கு ஐயா கேட்கிறீர்கள் என்று வாய் வரை வந்தது. கத்தி அவர் கையில் இருந்ததால் விழுங்கிவிட்டேன்.

அன்று துணைக்கு என் கணவரோடு ரவாங்கிலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். நேராக பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடைக்குப் போனோம். அவர்கள் இலையில் வடை, பாயசம், என் முன்னால் தயிர்சாதம். நடுவில் என் வயிறு.

"ரோபோ வேணாம்லா," என்றார் கார் தொழிற்சாலையில் வேலை செய்யும் அண்ணன். "எங்க ஃபேக்டரில பெயிண்ட் அடிக்கிற ரோபோ திடீர்னு அப்படியே நின்னுடும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும். இவள எப்படி ஆஃப் பண்ணி ஆன் பண்றது?"

அண்ணி விடவில்லை. "நம்ம வீடு கூட்டுற ரோபோ கட்டிலுக்கு அடியில எல்லாம் போகுதுல்ல? உங்க கை போகுமா?"

"போன வாரம் சோபாவுக்கு அடியில மாட்டிக்கிட்டு கத்துச்சே, அது?"

இப்படியே மோர் வரை போயிற்று. என் பயத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

கடைசியில் பக்கத்துக் கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ லேப்ராஸ்கோபி, சிவப்பு ரோபோ. அண்ணன் இரண்டையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து அம்மன் முன்னால் வைத்தார். கும்பிட்டுக்கொண்டிருந்த ஓர் ஆன்டியை ஒன்று எடுத்துத் தரச் சொன்னோம்.

"மாப்பிள்ளையா?" என்றார் ஆசையாக.

"இல்ல ஆன்டி, வயிறு," என்றேன்.

அவர் பயந்துகொண்டே எடுத்தார். சிவப்பு. அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மூணு தடவ பார்க்கணும்லா," என்றார் அண்ணன். மறுபடி மடித்து வைத்தார். இந்த முறை வெள்ளை. மூன்றாவது தடவைக்கு ஆன்டி ஒத்துக்கொள்ளவில்லை. "சாமியப் போட்டு இப்படித் தொந்தரவு பண்ணாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு பூவையும் எடுத்துத் தலையில் செருகிக்கொண்டு வெளியே வந்தேன்.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கணவரைப் பிடித்தேன். "ஏங்க, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "எது சீக்கிரம் முடியும்?"

"ஏன்?"

"வெளிய உக்கார என்னால முடியாது."

அவர் லோரி ஓட்டுகிறவர். கிள்ளான் துறைமுக வாசலில் கண்டெய்னருக்காக அரைநாள் காத்துக்கிடந்தாலும் முகம் சுளிக்காதவர். அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை. லேப்ராஸ்கோபியே போதும் என்று டாக்டரிடம் சொன்னேன். காரணம் கேட்டார், சொன்னேன். இந்தக் காரணத்தை இதுவரை யாரும் சொன்னதில்லை என்றார்.

ஆபரேஷன் அன்று பார்த்தால், வயிற்றுக்குள் சதை அங்கங்கே பழைய தழும்புகளால் ஒட்டிக்கிடந்ததாம். டாக்டர் சொன்ன நேரத்தைவிட வெகுநேரம் இழுத்துவிட்டது. நான் கண் விழித்தபோது கணவர் கட்டிலருகே நின்றிருந்தார். உட்காரவே இல்லை என்று நர்ஸ் சொன்னாள். கால் வீங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

என் நெற்றியில் கை வைத்து, மெதுவாகச் சொன்னார்.

"இதுக்கு ரோபோவே பண்ணியிருக்கலாம்லா."

சிரிக்கக் கூடாது, தையல் வலிக்கும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். சிரித்தேன். உயிர் போகிற வலி. உயிர் போகவில்லை.