மக்குமா, மக்காதா?

ஆம்பூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பேருந்து நிற்கிறது. டீக்கடைக்கு எதிரே பேரூராட்சி வைத்த இரண்டு புதுத் தொட்டிகள்: மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காத குப்பைக்கு நீலம். பின்சுவரில் பூமிப்பந்தும் பேரூராட்சித் தலைவரின் முகமும், ‘பூமியைக் குளிர்விப்போம்’ என்ற வாசகமும். தொட்டிகள் காலி. நடுவே ஷூ கம்பெனியில் வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகள் குமட்டும் புகையோடு எரிகின்றன.

“தொட்டியில போடலாமே?” என்று டீக்கடைக்காரரிடம் கேட்கிறேன்.

“எதுல சார் போடறது? மாட்டுத்தோல்தானே, மக்கும்னு ஒருத்தர் சொல்றாரு. மக்கக்கூடாதுன்னுதானே பதம் பண்றோம்னு இன்னொருத்தர். ஆபீஸ்ல கேட்டா, மீட்டிங் வச்சு முடிவு பண்ற வரைக்கும் கொளுத்துங்கன்னுட்டாங்க.”

பேரூராட்சி ஊழியர் ஒருவர் ஈரத்துணியோடு வந்து சுவரைத் துடைக்கிறார். தலைவரின் முகம் பளிச்சென்றானதும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். பூமி கரி பிடித்தபடியே இருக்கிறது.