பன்னிரண்டு கூடைகளில் ஆண்டவர் எனக்குக் காட்டியது

என் கையால் போட்ட கணக்கே என் தங்கச்சியின் குடும்பத்தை லயத்து வீட்டை விட்டுத் துரத்தப்போகிறது என்று தெரிந்த அந்தப் புதன்கிழமையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். போதகர் மூன்று தரம் கேட்டும் சபையில் இதைச் சொல்லாமல் தட்டிக் கழித்தேன். வெட்கம்தான் காரணம். கணக்கில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று மார்தட்டித் திரிந்தவன் நான். இப்போது சொல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன்.

நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. கூலிக்காரர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன்தான். மிஷன் பள்ளியில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்ததால் கொழுந்து நிறுத்து ஏட்டில் பதியும் வேலை கிடைத்தது. என் தங்கச்சி ஞானம்மாள் மூன்றாம் கங்காணியின் கூட்டத்தில் கொழுந்து பறித்தாள். அவளுக்கு அப்போது மூன்று மாதக் கைக்குழந்தை. மச்சான் காலில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டுப் படுத்த படுக்கையாக இருந்தார். அவள் சம்பளம்தான் அந்த வீட்டுக்கு அரிசி.

அந்த ஐப்பசியில் புதிதாக வந்த துரை, மூன்று கங்காணிக் கூட்டங்களில் எது சோம்பல் கூட்டம் என்று பரீட்சை வைத்தார். கூட்டத்துக்கு நான்கு பெண்கள். ஒரே மலை. யாருக்கு எந்த நிரை என்று சீட்டுப் போட்டுப் பிரித்தோம். செவ்வாய்க்கிழமை மாலை மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், பன்னிரண்டு கூடைகளையும் நிறுத்தேன். முதல் இரண்டு கூட்டத்துக்கும் சராசரி பதினெட்டு றாத்தல். மூன்றாவதுக்குப் பதினைந்து.

"அது சும்மா அன்றைக்கு நேர்ந்த வித்தியாசமா, நிஜ வித்தியாசமா? நீ கணக்குப் போட்டுச் சொல்லு. நிஜம் என்றால் சனிக்கிழமை பெரட்டில் அந்தக் கூட்டம் முழுக்கப் பேர் வெட்டு" என்றார் துரை. சீமையிலிருந்து வந்த சில தாள்களையும் கையில் கொடுத்தார்.

விடியற்காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டில் பேர் வெட்டினால் வேலை போகும். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும்.

புதன்கிழமை உட்கார்ந்தேன். ஒவ்வொரு கூடையும் சராசரிக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று எழுதிக் கூட்டினேன். பூஜ்யம் வந்தது. மறுபடி கூட்டினேன். மறுபடியும் பூஜ்யம். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பிறகுதான் தாளை ஒழுங்காகப் படித்தேன். மேலே போனதும் கீழே போனதும் ஒன்றையொன்று அடித்துவிடும். அதனால் ஒவ்வொரு விலகலையும் அதே எண்ணால் பெருக்கி வர்க்கமாக்க வேண்டும். அப்புறம்தான் கூட்ட வேண்டும். அந்தத் தொகையை இரண்டாகப் பிரிக்கலாம். கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தால் வருவது ஒன்று. ஒரே கூட்டத்துக்குள் பெண்ணுக்குப் பெண் வேறுபடுவதால் வருவது இன்னொன்று. உள்ளே இருக்கும் வேறுபாடு பெரிதாக இருந்தால், வெளியே தெரியும் வித்தியாசத்தை நம்பக் கூடாது.

கூட்டங்களுக்கு நடுவே இருபத்துநான்கு வந்தது. உள்ளே வெறும் ஆறு. மூன்று கூட்டத்தில் ஒன்றைக் கழித்து முதல் தொகையை இரண்டால் வகுக்கச் சொல்லியிருந்தது. பன்னிரண்டு கிடைத்தது. பன்னிரண்டு பெண்களில் கூட்டத்துக்கு ஒன்றாக மூன்றைக் கழித்து உள்ளே வந்த ஆறை ஒன்பதால் வகுத்தேன். ஒன்றுகூட வரவில்லை. பன்னிரண்டு எங்கே, முக்கால் கூடத் தேறாத இது எங்கே! மூன்றாம் கூட்டம் நிஜமாகவே குறைவு என்று என் பேனாவே தீர்ப்பு எழுதிவிட்டது.

ஏட்டில் ஒரு பதினைந்தைப் பதினெட்டு ஆக்க எவ்வளவு நேரம் ஆகும்? மையைத் தொட்டும்விட்டேன். அப்படியே பேனாவைப் போட்டுவிட்டு, நடுப்பகலில், ஆளில்லாத மடுவத்தில் தராசுக்குப் பின்னால் முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, பொய் எழுத என்னை விடாதேயும். இந்தக் கணக்கில் எனக்குத் தெரியாதது ஏதாவது இருந்தால் காட்டும்" என்று அழுதேன். ஒரு சத்தமும் இல்லை. ஒரு சமாதானமும் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

அன்று மாலை பிடித்த மழை விடிந்தும் விடவில்லை. வியாழக்கிழமை மடுவத்துக்குப் போகும் பாதையில் மண் சரிந்துவிட்டது. கூடைகளைக் கீழே கொண்டுவர வழியில்லாததால், சாயங்கால நிறுவைக்குத் தூக்குத் தராசைச் சுமந்துகொண்டு நானே மலைக்கு ஏறினேன். அத்தனை வருடத்தில் ஒருநாளும் செய்யாத காரியம்.

அங்கே கண்டேன். ஞானம்மாளின் கூடையில் அடிப்பாகத்தில்தான் கொழுந்து இருந்தது. அவள் கூட்டத்தைச் சேர்ந்த செல்லாயி தன் கூடையிலிருந்து இரு கையாலும் அள்ளி அதில் போடப் போனாள். அடுத்த நிரைகளில் மற்ற இரு கூட்டத்துப் பெண்களும் தங்களுக்குள் அதையேதான் செய்யத் தயாராகக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பதினான்கு றாத்தல் இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். அதனால் யாருக்கும் குறையக் கூடாது என்று நிறுவைக்கு முன்பே நிரவிவிடுகிறார்கள். மடுவத்தில் தராசு முள்ளையே பார்த்து நின்ற எனக்கு மட்டும்தான் இது தெரியாது!

"செல்லாயி, கொஞ்சம் நில்லு. கலக்கிறதுக்கு முந்தி ஒரு தரம் நிறுக்கணும்" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. "ஐயா, துரைகிட்ட சொல்லிப்புடாதீங்க. ஞானம் ரெண்டு தரம் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடிப் பால் குடுத்துட்டு வர்றா. அவ எப்புடிங்க பதினாலு எடுப்பா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் அரைப்பேர் விழும், சொல்லாவிட்டால் பேரே இருக்காது. ஞானம்மாள்தான் வாய் திறந்தாள். "உள்ளத எழுதுங்கண்ணே. எனக்கு அரைப்பேரு போனா போகட்டும்."

பரீட்சைக்கு நின்ற அதே பன்னிரண்டு பேரின் கூடைகளையும் நிறுத்தேன். ஒவ்வொரு கூட்டத்தின் மொத்தமும் செவ்வாய்க்கிழமை வந்ததுபோலவே இருந்தது. என்னாலேயே நம்ப முடியவில்லை. ஆனால் உள்ளே? செல்லாயி இருபத்தொன்று, என் தங்கச்சி எட்டு. முதல் கூட்டத்திலேயே ஒருத்தி இருபத்தைந்து, ஒருத்தி பன்னிரண்டு. கூட்டங்களுக்கு நடுவே அதே இருபத்துநான்குதான். உள்ளே ஆறு இருந்த இடத்தில் இருநூற்று எண்பத்தாறு! ஒன்பதால் வகுத்தால் முப்பதுக்கு மேல். பக்கத்தில் அந்தப் பன்னிரண்டு பாதிகூட இல்லை. மூன்றாம் கூட்டம் நிஜமாகவே குறைவு என்று இனி யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தப் பெண்களின் இரக்கம் உள்வேறுபாட்டை நிரவி மறைத்திருந்தது. அதை அறியாமல் நான் அவர்களுக்கே கேடு எழுதப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை துரை என் புதுக் கணக்குத் தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகத் தானே போட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரம் நின்றேன்.

"கொழுந்து மாற்றினது யார்? பேர் சொல்லு."

"எல்லாக் கூட்டமும் செய்யுதுங்க. ஒரு பேரை மட்டும் சொல்ல மாட்டேங்க."

"இந்த எட்டு றாத்தல் யார்?"

"என் தங்கச்சிங்க. பால்குடிப் பிள்ளைக்காரி."

சொந்தக்காரிக்காக எழுதியது என்று கிழித்துப் போடுவார் என்றே நினைத்தேன். கடைசியில் அவர், "சொந்தத் தங்கச்சிக்கு எட்டு என்று எழுதினவன் மற்றதிலும் பொய் எழுதியிருக்க மாட்டான். நாளைக்கு யார் பேரும் வெட்டாதே. வியாழக்கிழமைக்கு மட்டும் உள்ளபடி சம்பளம்" என்றார்.

அதன்படி நான்கு பெண்களுக்கு அரைப்பேர் விழுந்தது. என் கையாலேயே எழுதினேன். வலித்தது. ஆனால் சனிக்கிழமை விடியற்காலைப் பெரட்டில் மூன்றாம் கூட்டத்தின் பேர்களை ஒன்றுவிடாமல் வாசித்தேன். "ஞானம்மாள்" என்றபோது என் குரல் உடைந்தது. "இருக்கேங்க" என்று பதில் வந்தது.

அன்றுமுதல் எண்ணை மட்டும் பார்த்து மனுஷரை நியாயந்தீர்ப்பதில்லை. வாரத்தில் ஒருநாளாவது மலைக்கு ஏறி, கூடைகள் நிறையும் இடத்தில் நிற்கிறேன்.

சகோதரங்களே, உங்களுக்கு விரோதமாகவும் ஏதாவது ஒன்று மறுக்க முடியாதபடி நிற்கலாம். அதைத் திருத்தி எழுதத் துடிக்காதீர்கள். முழங்காலில் நின்று, நான் காணாதது என்ன என்று அவரைக் கேளுங்கள். எனக்குக் காட்டியவர் உங்களுக்கும் காட்டுவார். பாதை சரிந்தால் சரியட்டும். ஏறிப் போங்கள்.