சம்பந்தி வீட்டுப் படகு

எங்கள் திருவொற்றியூர் குப்பத்தில் புதுப் படகு கடலில் இறங்குகிற அன்று என் நாத்தனார் கன்னியம்மா சுற்றுவழியில் போவாள். கடற்கரைத் தெருவில் மேளமும் மாலையும் தேங்காயும் கற்பூரமுமாக ஊரே கூடி நிற்கும். இவள் மட்டும் கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்பக்கச் சந்தில் நுழைந்து, ரயில்வே லைன் வரை போய், அப்புறம் மார்க்கெட்டுக்குத் திரும்புவாள். வராதே என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. அவள் புருஷன் துரை கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷத்திலிருந்து அவளாகவே வைத்துக்கொண்ட வழக்கம் அது. தாலி இழந்தவள் எதிரே வந்தால் படகுக்கு ஆகாது என்பது குப்பத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். வேறு யாரும் வாய்விட்டுச் சொல்லும்படி அவள் வைத்துக்கொள்ளவில்லை.

நான் ராமசெல்வி, அவள் அண்ணன் தாமோதரனைக் கட்டியவள். அங்கன்வாடியில் பிள்ளைகளோடு கத்திக் கத்தி ஓய்வு பெற்றவள், அதனால் எனக்குத் தொண்டை பெரிது. கன்னியம்மா அதற்கு நேர்மாறு. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வைராக்கியம்: மகள் வினிதாவைக் கடலுக்குப் போகிறவனுக்குக் கொடுக்கமாட்டேன். அதற்காகவே அவளை நர்சிங் படிக்க வைத்தாள். வினிதா வேலை கிடைத்து நார்வேக்குப் போனபோது எங்கள் எல்லாருக்கும் நிம்மதி. பனி கொட்டுகிற நாட்டில் மீன்காரன் எங்கேயிருந்து வருவான் என்று நினைத்தோம். எங்கள் பூகோள அறிவு அவ்வளவுதான்.

ஒருநாள் போனில் எரிக் என்று ஒரு பையனைக் காட்டினாள். உயரமாக, வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னா வேலை என்று கேட்டேன்.

"கடலுக்குப் போறாரு அத்தை" என்றாள் வினிதா. கொஞ்சம் பொறுத்து, "அவங்க அப்பாவும் போனவருதான். திரும்பி வர்ல" என்றாள்.

கன்னியம்மா எழுந்து போய்க் கருவாட்டைப் புரட்டிப் போட ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. மகள் அழுதாள், மகளுக்காக நான் சண்டை போட்டேன், கடைசியில் இங்கே கோயிலில் வைத்துத்தான் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மட்டும் வந்தான். அவன் அம்மா ஹில்டாவுக்கு அப்போது மூட்டு ஆபரேஷன். ஆகவே இந்த வருஷம் வினிதா டிக்கெட் எடுத்து அனுப்பியபோது, அதுதான் சம்பந்தி வீட்டுக்கு முதல் பயணம்.

முதல் தடவை சம்பந்தி வீட்டுக்குச் சும்மா போக முடியுமா? எம்.சி. ரோடு கடைகள் முழுக்க ஏறி இறங்கினோம். குத்துவிளக்கு எடுத்தோம். எரிக்குக்கு வேட்டி, சட்டை. முறுக்கும் அதிரசமும் வீட்டிலேயே சுட்டோம். ஹில்டாவுக்குப் புடவை எடுக்கத்தான் அரை நாள் போனது. நான் அரக்குச் சிவப்பில் ஒன்றைப் பிரித்துக் காட்டினேன். கன்னியம்மா பதறிப் போய் மடித்து வைத்தாள்.

"அண்ணி, அவுங்களும் என்ன மாரிதானே? செவப்பு குட்தா மனசு சங்கடப்படாதா?"

வெளிர் சாம்பலில் ஒன்றை எடுத்தாள். சீர்த்தட்டில் மஞ்சளும் குங்குமமும் வைக்கவில்லை. சரி, தட்டை யார் கையால் கொடுப்பது? அதற்குத்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். "நீதான் அண்ணி நீட்டணும். என் கையால ஆவாது" என்று ஏற்போர்ட் போகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தாள். என் கழுத்துத் தாலிக்கு வெளிநாட்டு விமானத்தில் இடம் கிடைத்தது இப்படித்தான்.

வினிதாவும் போனில் பாடம் நடத்தினாள். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சமும் பிந்தக்கூடாது. சம்பளம் எவ்வளவு என்று கேட்கக்கூடாது, விசேஷம் உண்டா என்று கேட்கவே கூடாது. கொண்டுபோன பொருளை நம் எதிரிலேயே பிரித்துப் பார்ப்பார்கள், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. வேண்டாம் என்றால் அங்கே வேண்டாம் என்றுதான் அர்த்தம், ரெண்டாம் தடவை கேட்கமாட்டார்கள். முக்கியமாக, கருவாடு எடுத்து வரவே கூடாது. ஏற்போர்ட்டிலேயே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். கன்னியம்மாவுக்கு அதில்தான் வருத்தம். அவள் கையில் இருந்த நல்ல சாமான் அது ஒன்றுதானே.

விமானம் மாறி விமானம் மாறி, கடைசியில் ஒரு கப்பலில் ஏறி அந்தத் தீவுக்குப் போனோம். நான் வாயடைத்துப் போனது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். மலைகள் கடலுக்குள்ளிருந்தே நேராக எழுந்து நின்றன, உச்சியில் பனியோடு. எண்ணூரிலும் காசிமேட்டிலும் நான் பார்த்த கடல் வேறு, இது வேறு. அடியில் கிடக்கிற கல்லும் தெரிகிற பச்சை. ராத்திரி பத்து மணிக்கும் வெயில் அடித்தது. இறங்கி நடந்தால், ஊருக்குள்ளே, ஊரைச் சுற்றி, சர்ச் சுவர் வரைக்கும் மரக்கழிகளில் பந்தல் போட்டு மீனைத் தொங்கவிட்டிருந்தார்கள். கண்ணுக்கு எட்டுகிறவரை மீன். ஒவ்வொன்றும் என் கை நீளம்.

கன்னியம்மா பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து நின்றாள். மூக்கால் காற்றை இழுத்தாள்.

"கருவாடு கொண்டாராதன்னியேடி" என்றாள் மகளிடம். "ஊரே கருவாடா கீதேடி!"

உப்பே போடாமல், வெறும் குளிர்காற்றில் காயவிடுகிறார்கள் என்று வினிதா சொன்னபோது அவள் நம்பவில்லை. ஒரு மீனை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு சாமி சந்நிதியில் நிற்பதைப் போல அதன் கீழேயே கொஞ்ச நேரம் நின்றாள். பல வருஷமாக வெயிலோடும் ஈயோடும் மழையோடும் மல்லுக்கட்டினவள். உப்பில்லாமல், ஈயில்லாமல், ஒரு ஊர் முழுக்கக் கருவாடு தானாகக் காய்வதைப் பார்த்தால் கண் கலங்காதா? எனக்கே கலங்கியது.

ஹில்டா வாசலில் நின்று வரவேற்றாள். சுத்தச் சிவப்பில் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்! நான் கன்னியம்மாவைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் தட்டை நீட்டினேன். ஹில்டா வாங்கி, அங்கேயே உட்கார்ந்து, காகிதத்தைக் கிழிக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சாம்பல் புடவையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். விளக்கை ஜன்னலில், தன் புருஷன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சாப்பாட்டில் பெரிய மீன். ஹில்டா இன்னொரு துண்டு வைக்கவா என்று கேட்க, கன்னியம்மா பழக்கதோஷத்தில் "வோணாம்" என்று தலையாட்டினாள். நம்மூரில் அதற்கு அர்த்தம், இன்னும் ரெண்டு தடவை வற்புறுத்து என்பது. ஹில்டா சரி என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கன்னியம்மா காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தேன்.

அதற்கப்புறம்தான் ஹில்டா அந்தப் பேச்சை எடுத்தாள், வினிதா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். எரிக் சொந்தமாகப் புதுப் படகு வாங்கியிருக்கிறான், சனிக்கிழமை கடலில் இறக்குகிறார்கள். அங்கே புதுப் படகுக்கு ஒரு பெண்மணி ஞானத்தாயாக நிற்கவேண்டும். படகின் பேரைச் சொல்லி, முகப்பில் ஒரு பாட்டிலை அடித்து உடைக்கவேண்டும். அந்தப் பெரிய மரியாதையைச் சம்பந்தியம்மாவுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள். படகின் பேர் வினிதா.

கன்னியம்மாவின் கை மேஜை விரிப்பைப் பிடித்துக்கொண்டது. வேண்டாம் என்று சொன்னால் இங்கே அதுவே கடைசி என்பதைச் சற்றுமுன் மீன் துண்டில் கற்றுக்கொண்டிருந்தாள். சம்பந்தி கொடுக்கிற மரியாதையை முகத்துக்கு நேரே தட்டவும் முடியவில்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒன்றுமே பேசாமல் இருந்துவிட்டாள். அந்த மௌனத்தை ஹில்டா சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

அறைக்குப் போனதும் கன்னியம்மா என் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, நீ ஒடச்சிடு. ஒனக்குத் தாலி கீது. என் கை பட்டு அந்தப் புள்ளைக்கு எதுனா ஆச்சுன்னா எம் பொண்ணும் என்ன மாரி ஆயிடுவா. நா இன்னா பண்ணுவேன் சொல்லு?"

சரி என்றேன். அப்போது எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

சனிக்கிழமை ஊர் மொத்தமும் துறைமுகத்தில் இருந்தது. குழந்தைகள் கொடி பிடித்திருந்தார்கள், ஹில்டா கேக் செய்திருந்தாள். நம் விசைப்படகைவிடச் சின்னதுதான் அந்தப் படகு. ஆனால் வெள்ளை வெளேரென்று, முகப்பில் எங்கள் பெண்ணின் பேரோடு நின்றது. அந்தத் தண்ணீருக்கும் மலைக்கும் நடுவில் அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், கயிற்றில் கட்டியிருந்த பாட்டிலைக் கையில் எடுத்தேன். ஹில்டா என்னைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு சுற்றிலும் தேடினாள்.

கன்னியம்மாவைக் காணோம். எனக்குத் தெரியும் அவள் எங்கே இருப்பாள் என்று. இங்கேயும் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்திருப்பாள்.

மீன் பந்தலுக்குப் பின்னால், படகு கண்ணில் படாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். மூட்டுவலியோடு ஹில்டா அங்கே நடந்து போனாள், பின்னாலேயே நானும் வினிதாவும் ஓடினோம். ஏன் இங்கே நிற்கிறாய் என்று ஹில்டா கேட்டாள்.

"சொல்லுடி அவுங்களாண்ட" என்றாள் கன்னியம்மா மகளிடம். "நா புருஷன கடலுக்குக் குடுத்தவ. என் கை படகுக்கு ஆவாது. அவுங்க மேல ஒரு கொறையும் இல்ல. எம் மேலதான்."

வினிதா அழுதுகொண்டே சொன்னாள். ஹில்டா கேட்டு முடித்துவிட்டுத் துறைமுகத்தைக் கையால் காட்டினாள். மெதுவாகப் பேசினாள். வினிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு திருப்பிச் சொன்னாள்.

"ம்மா, அந்தச் செவப்புப் படகு கீதே, அதுக்கும் பக்கத்துல நீலத்துக்கும் பாட்டில் ஒடச்சது இவங்கதானாம். இவங்க வூட்டுக்காரரு போனப்பறம்தான் ஒடச்சாங்களாம். ரெண்டும் இந்தக் குளுரு காலத்துல நல்லபடியா வந்து சேந்துச்சாம்."

"அவுங்க ஊரு வயக்கம் வேற" என்றாள் கன்னியம்மா, தலை குனிந்தபடியே.

ஹில்டா அவள் முகத்தை இரண்டு கையாலும் நிமிர்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வினிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"படகு திரும்பி வரணும்னு நம்ம ரெண்டு பேரவுட யாருக்கு ஆசை ஜாஸ்தியா இருக்கும்னு கேக்குறாங்கம்மா."

காற்று அடித்தது. மேலே காய்ந்த மீன்கள் ஒன்றோடொன்று மோதி மரக்கட்டைகள் போலச் சத்தம் போட்டன. கன்னியம்மா ஹில்டாவையே பார்த்தாள். மொழி தெரியாத இரண்டு பொம்பளைகள் அப்படிப் பார்த்துக்கொண்டதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. எத்தனை வருஷம் நான் இவளோடு ஒரே வாசலில் இருந்திருக்கிறேன், பேச்சில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை என்று வேறு நினைத்திருக்கிறேன். இந்த ஒரு வார்த்தை எனக்குத் தோன்றவில்லையே என்று மலைத்துப் போய் நின்றேன்.

கன்னியம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். என் பக்கம் கையை நீட்டினாள்.

"குடு அண்ணி."

பாட்டில் அங்கேயே படகில் கட்டியிருக்கிறதே, நான் எதைக் கொடுப்பது? கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். கூட்டம் வழிவிட்டது. பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "சாராயமா?" என்று மகளிடம் கேட்டாள். "பரவால்ல, கடலம்மா மன்னிச்சிடுவா." ஓங்கி அடித்தாள். முதல் அடியிலேயே தூள். நுரை அவள் முகத்தில் தெறித்தது, ஊரே கை தட்டியது. சொல்லச் சொல்லியிருந்த வார்த்தைகளையெல்லாம் மறந்துவிட்டாள். படகின் முகப்பில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, தமிழில் சத்தமாகச் சொன்னாள்.

"போய்ட்டு வா. போய்ட்டு வந்துடணும், கேட்டியா?"

என்ன சொன்னாள் என்று ஹில்டா கேட்டாள். வினிதா சொன்னதும், அவளும் கன்னியம்மாவின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்து, நாக்கு புரளாமல் அதையே சொன்னாள்: "போய்த்து வா."

நாங்கள் ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில், எங்கள் தெரு ரவிக்குமாரின் புதுப் படகு இறங்கியது. மேளம் கேட்டதும் கன்னியம்மா கூடையைத் தலையில் ஏற்றினாள். வழக்கம்போல் பின்சந்துக்குப் போவாள் என்று பார்த்தேன். நேராகக் கடற்கரைத் தெருவில் இறங்கினாள். நான் பின்னாலேயே போனேன். கூட்டத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

கன்னியம்மா கூடையை மணலில் இறக்கி வைத்தாள்.

"இன்னா பாக்குற? படகு திரும்பி வரணும்னு என்னவுட யாருக்கும்மா ஆசை ஜாஸ்தியா கீது?"

தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டிருந்த ரவிக்குமார் அவளைப் பார்த்தான்.

"யக்கா, கொஞ்சம் தள்ளி நில்லு" என்றான்.

எனக்கு உயிரே போய்விட்டது. அவன் படகின் பக்கம் திரும்பி, "அலை பெருசா கீது, மேல தெறிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தேங்காயை உடைத்தான்.

அவள் தள்ளிப் போகவில்லை. புடவை நனைய, படகு கண்ணுக்கு மறைகிறவரை அங்கேயே நின்றாள்.