பத்தியில் வந்த நிலா

கொழுக்கட்டை வேகும் தேங்காய் மணம் வீடெல்லாம் பரவியிருக்கும், ஆனால் தொடக்கூடாது. பெங்களூரில் ‘சங்கஷ்டி’ என்று சொல்லும் தேய்பிறைச் சதுர்த்தியன்று பகல் முழுக்கப் பட்டினி கிடக்கும் அம்மா, மொட்டை மாடியில் நின்று நிலாவைப் பார்த்த பிறகுதான் எங்கள் லிங்கராஜபுரம் வீட்டில் அந்தப் பாத்திரத்தின் மூடியைத் திறப்பாள்.

அப்படி ஒரு சதுர்த்தி நாளில்தான் எனக்குப் பள்ளிச் சேர்க்கைத் தேர்வு வந்தது. நான் படித்த தமிழ்ப் பள்ளி இரண்டாம் வகுப்போடு சரி; பிரேசர் டவுன் ஆங்கிலப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் என்னை ஓசூரில் பெரியப்பா வீட்டில் விட்டுப் படிக்க வைப்பது என்று அப்பா முடிவு செய்திருந்தார். அதனால் கோடை விடுமுறை முழுக்க அம்மா எனக்குக் ‘காம்ப்ரிஹென்ஷன்’ பழக்கினாள். ஒரு பத்தியைப் படித்துவிட்டு, கீழே உள்ள கேள்விகளுக்கு அதிலிருந்தே விடை எடுத்து எழுத வேண்டும். “உனக்குத் தெரிஞ்சதெல்லாம் எழுதாத, அதுல இருக்கறத எழுது” என்பாள்.

தேர்வில் வந்த பத்தி நிலாவைப் பற்றியது. சூரியன் மறைந்ததும் நிலா வருகிறது என்று முதல் வரியிலேயே இருந்தது. நிலா எப்போது வரும் என்ற கேள்விக்கு நான், ‘சில நாள் லேட்டாக வரும்’ என்று தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி வைத்தேன்.

தலைமையாசிரியை அம்மாவையும் என்னையும் தன் அறைக்கு அழைத்து, பத்தியின் மேல் விரலை வைத்தார். “நீ எழுதினது இதுல எங்க இருக்கு, காட்டு.”

“இதுல இல்ல மிஸ். இன்னிக்கு லேட்டாத்தான் வரும். எங்கம்மா காலையிலேர்ந்து சாப்பிடல, வேணும்னா அவங்களையே கேளுங்க.”

அவர் சிரிக்கவில்லை. “குடுத்ததைப் படிக்காம வீட்டுக் கதை சொல்ற பிள்ளைக்கு எப்படி சீட் குடுக்கறது?” என்று அம்மாவைப் பார்த்தார். ஓசூர் பஸ் என் கண்முன் வந்து நின்றது. அம்மாவின் உதடு காய்ந்திருந்தது. சதுர்த்தி நிலா எவ்வளவு தாமதமாக வரும் என்பதை அவளைப் போல வயிற்றால் அறிந்தவர் அந்த அறையில் வேறு யாருமில்லை.

“இன்னொரு தடவை எழுத விடுங்க மேடம்” என்றாள். பிறகு என் பக்கம் குனிந்து, “அதுல போட்டிருக்கறதையே எழுதிடு கண்ணு.”

எழுதினேன். இடம் கிடைத்தது.

அன்று வெயில் இறங்கியதுமே மாடிக்கு ஓடினேன். பள்ளியில் சொன்னது உண்மையானால் அம்மா உடனே சாப்பிடலாம். வானம் காலியாக இருந்தது. இறங்கி வந்து சொன்னதும், சுவரில் சாய்ந்திருந்த அம்மா, “ஸ்கூலுக்கு வந்தாச்சு. நமக்கு இன்னும் வரல, உட்காரு” என்றாள்.

இப்போது அந்த மாடியின் கிழக்குப் பக்கத்தை ஓர் அடுக்குமாடிக் கட்டடம் அடைத்துவிட்டது; காலண்டரில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் அம்மா விரதத்தை முடிக்கிறாள். நேற்று என் மகளைப் படிக்க வைத்தபோது நிலாவைப் பற்றிய பத்தி ஒன்று வந்தது. கிட்டத்தட்ட அதே வரி, அதே கேள்வி. அவள் வரியின் அடியில் கோடு போட்டு, அப்படியே எடுத்தெழுதி என்னிடம் நீட்டினாள். ‘சரி’ போடும்போது என் கை தயங்கியது. நிஜமாகவா என்று கேட்பாள் எனக் காத்திருந்தேன், கேட்டால் என்ன சொல்வது என்று பயந்துகொண்டும் இருந்தேன். அவள் ஜன்னல் பக்கம்கூடத் திரும்பாமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டாள்.