நின்ற பிறகும் ஒளிர்ந்த குழாய்

அவருக்குக் கிடைக்க வேண்டிய வேலையை நான் வஞ்சித்து எடுத்துக்கொண்டேன். நீலகிரியின் பைக்காரா மின்நிலையத்திலிருந்து கோயம்புத்தூருக்கு மின்சாரம் வந்த புதிது. கல்லூரியில் நாங்கள் இருவரும் தற்காலிகப் பௌதிக டியூட்டர்கள்; ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள்.

அவர் ஒல்லியான மனிதர். மங்கிய ஒளியைப் பார்க்கும் முன் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு இருட்டறையில் வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து, சிறிது நைட்ரஜன் விட்டு, மின்சாரம் பாய்ச்சுவார். அதை நிறுத்திய பிறகும் குழாய் மஞ்சளாக ஒளிரும்.

"நட்சத்திரங்களுக்கு நடுவுல இருக்கற வாயுவும் இப்படித்தானுங்க. அங்க முட்டி மோதிச் சக்தியைப் புடுங்கப் பக்கத்துல வேற ஆளில்லை. மூலக்கூறு வாங்குன சக்தியை வெளிச்சமாத்தான் விட்டாகோணும்," என்பார்.

யாரை நிரந்தரமாக்குவது என்று முடிவு செய்யப் பிரின்சிபால் பார்க்க வந்த அன்று, சக டியூட்டருக்குத் தெரியாமல் குழாயின் திருகைத் திறந்து மூடினேன். காற்று புகுந்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்தியதும் குழாய் இருண்டது. பிரின்சிபால் திரும்பிப் போய்விட்டார்.

"திருகைத் தொட்டீங்களா தம்பி?"

"இல்லீங்க."

"அப்ப நாந்தான் எங்கியோ கெடுத்துப்போட்டேனுங்க."

வேலை எனக்கு வந்தது. ஓராண்டில் மனம் தாங்காமல் ராஜினாமா செய்தேன். அவரையே எடுக்கும்படி பிரின்சிபாலிடம் கேட்டுவிட்டு, வேலை போய் அவர் திரும்பியிருந்த பெருந்துறை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப என் குழாய் சரியாத்தான் இருந்துச்சுங்களா?"

"ஆமாங்க."

"அதை ஒடைச்சுக் கெணத்துல போட்டுட்டேனுங்களே. என் கை எதுக்கும் ஒதவாதுன்னு நெனச்சுப்போட்டேன்."

பிறகு இலையைப் போட்டு, "சாப்புட்டுட்டுத்தான் போகோணும்," என்றார். அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். கல்லூரிக்கு அவர் வரவேயில்லை. வேலை மூன்றாம் ஆளுக்குப் போனது. அன்று அவர் என்னை ஒரு வார்த்தையாவது திட்டியிருக்கலாம்.