மூன்று தடவைக்கு மேலும் கூப்பிட்ட குரல்

மழை விட்ட பிறகு லயத்துத் தகரக் கூரையில் இருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்... அதற்கு நடுவில்தான் என் பெயரை முதன்முதலாகக் கேட்டேன்.

"செல்வீ..."

எனக்கு எட்டு வயது இருக்கும். இலங்கையில் லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்று எங்களுடையது. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள், தம்பி கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் இருந்தான். வெளியே போய்ப் பார்த்தால் ஒரு கோழி மட்டும் நின்றது. கோழிக்கு என் பெயர் தெரிய வாய்ப்பில்லை.

இந்த வலைப்பக்கத்தில் தையல் பற்றி, சமையல் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டேன். இதை எழுதியதில்லை. வெட்கம் எல்லாம் ஒன்றுமில்லை, நேரம் வரவில்லை. அவ்வளவுதான்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். எங்கள் லயத்தில் இதற்கென்று ஒரு சட்டமே இருந்தது. ஆள் தெரியாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே 'ஏன்' என்று பதில் குரல் கொடுக்கக் கூடாது. பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாதாம். மூன்றாவது தடவையும் கேட்டால் மனுஷர்தான்.

"மூணு தடவ கூப்புட்டா மட்டும் போ புள்ள. இல்லாட்டி வாய மூடிக்கிட்டு இரு."

நான் சொல்பேச்சு கேட்கிற பிள்ளை. அன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

அந்தக் குரலோ மூன்றோடு நிற்கவில்லை... நாலு, அஞ்சு, பத்து என்று போய்க்கொண்டே இருந்தது. அப்படியென்றால் மனுஷர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். என் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. மனுஷர் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், இல்லையா? தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் சொன்னேன், ஸ்கூலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே சொன்னேன்.

கூட விளையாடியவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அம்மா ஊற்றிக் கொடுத்த ப்ளேன் டீயைக்கூட, ஏதாவது கலந்திருக்குமோ என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். கணக்கில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள், போர்டைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பேன்.

"பெரிய மனுஷியாகப் போறா, அதான் இப்புடி இருக்கா" என்றார் அம்மா. பெரியவள் ஆன பிறகு, கண்ணு பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். கோடாங்கி வந்து உடுக்கை அடித்து, முனியாண்டிக்குச் சேவல் கேட்டார். கொடுத்தோம். சேவல் போனதுதான் மிச்சம்!

அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தார். இது ஒரு வியாதி என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

பத்தொன்பது வயதில் பதுளை பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றேன். அங்கேதான் முழுசாக உடைந்தேன். கடைக்கு வருகிற எல்லோரும் என்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று நம்பி, சாப்பாட்டைத் தொடாமல், சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். கூட வேலை செய்த அக்கா ஒருவர்தான் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை அங்கேதான் முதலில் கேட்டேன்.

இப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. மாத்திரை தவறுவதில்லை, கிளினிக் தவறுவதில்லை. பதுளையில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். குரல் எப்போதாவது எட்டிப் பார்க்கும்... "வேலையா இருக்கேன், அப்புறம் வா" என்று அனுப்பிவிடுவேன்.

போன மாதம் தோட்டத்தில் இருந்து தம்பி ஃபோன் பண்ணினான். அவனுடைய மகள் காவ்யாவுக்கு ஒன்பது வயது.

"அக்கா, பாப்பா ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குறா. சுவத்துக்குள்ள யாரோ சிரிக்கிறாங்களாம். ஒன்னய மாதிரி ஆயிருமோன்னு பயமா இருக்குக்கா..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பான்.

"என்னய மாதிரி ஆனா என்னடா? நல்லாத்தானே இருக்கேன்! நாளைக்கு மொத பஸ்ஸுல கூட்டிக்கிட்டு வா."

வீறாப்பாகத்தான் சொன்னேன். ஃபோனை வைத்த பிறகு தையல் ஓடவில்லை, கடையை நேரத்தோடு சாத்திவிட்டேன். வைத்தியம் இல்லாமல் நான் தொலைத்த பதினோரு வருஷம் அந்தப் பிள்ளைக்கு மட்டும் வந்துவிடக் கூடாது என்று இருந்தது.

மறுநாள் காவ்யாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, "என்னா சொல்லி சிரிக்கிறாங்க பாப்பா?" என்று கேட்டேன். அப்பா முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவளை நேராகக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். சின்ன வயதில் இப்படி நிறையப் பிள்ளைகளுக்கு வரும், பலருக்குத் தானாகவே போய்விடும், இப்போதே வியாதி என்று பெயர் வைக்க வேண்டாம், ஆனால் விடாமல் கூட்டி வாருங்கள் என்றார். நல்லபடி ஆகுமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஆனால் பிள்ளை ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள்.

அன்று கிளினிக்கில் இருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது காவ்யா கேட்டாள்.

"அத்த, ஒங்களுக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"யாருகிட்ட சொன்னீங்க?"

"ஒரு தடவ சொன்னேன். அப்புறம் ரொம்ப வருஷம் யாருகிட்டயும் சொல்லல."

"நான் சொல்லிட்டேன்ல!" என்றாள், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி.

அந்தக் காலத்தில் லயத்தில் சத்தம் காட்டாமல் ஒரு மூலையில் கிடந்தால் நல்ல பிள்ளை என்பார்கள். நான் ரொம்ப ரொம்ப நல்ல பிள்ளையாக இருந்தேன்...

காவ்யா அப்படி இல்லை. பஸ் ஏறுகிற வரைக்கும் வாய் ஓயவில்லை.